ஓட்டுப் போட லீவு உண்டு, ஓட்டுக் கேட்க?

மேற்கு வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்தில் சால்தோரா என்றொரு தனித் தொகுதி. 2021 சட்டசபைத் தேர்தலில் அங்கே பாரதிய ஜனதா வேட்பாளராக நின்றவர் சந்தனா பவுரி. மனுவோடு அவர் தாக்கல் செய்த சொத்துக் கணக்கு அந்தத் தேர்தல் சமயத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. ரொக்கம், வங்கியில் இருந்தது எல்லாம் சேர்த்து அவர் பெயரில் 31,985 ரூபாய். அத்துடன் மூன்று ஆடு, மூன்று மாடு. கணவர் கொத்தனார், தினக்கூலி. கணவன், மனைவி இருவருமே ஊரக வேலை உறுதித் திட்டத்தின் அட்டை வைத்திருந்தவர்கள். மூன்று குழந்தைகள். சந்தனா சுமார் 4,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து கொல்கத்தா சட்டசபைக்குப் போனார்.

பத்திரிகைகள் அதை ஜனநாயகத்தின் அதிசயம் என்று கொண்டாடின. சந்தோஷமான செய்திதான். ஆனால் 'அதிசயம்' என்ற சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. உழைத்துச் சாப்பிடுகிற, பிள்ளை வளர்க்கிற ஒரு குடிமகளோ குடிமகனோ தன் தொகுதியில் எம்.எல்.ஏ. பதவிக்கு நிற்பது, முதல் பொதுத்தேர்தல் முடிந்து எழுபது வருஷங்கள் ஆன பிறகும் ஏன் அதிசயமாகவே இருக்க வேண்டும்? இந்த நாட்டில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தாமே?

அதே தேர்தலில் இன்னொரு பெண்ணும் நின்றார். பூர்வ வர்த்தமான் மாவட்டத்தின் ஆஸ்கிராம் தொகுதியில் போட்டியிட்ட கலிதா மாஜி. வீட்டு வேலை செய்து பிழைப்பவர், ஒரு பையனுக்குத் தாய். வேலை செய்யும் வீடுகளில் லீவு சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனார். அந்த முறை அவர் தோற்றார். ஜெயித்தவரின் கதையை எல்லோரும் எழுதினார்கள். தோற்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அந்த லீவு நாட்களின் சம்பளம் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல நம் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

இத்தனைக்கும், உழைப்பவனின் ஒரு நாள் கூலியைப் பற்றி நம் தேர்தல் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் 135-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொழிற்சாலையோ, கடையோ, வேறு ஸ்தாபனமோ, எங்கே வேலை செய்பவராக இருந்தாலும் வாக்குப்பதிவு நாளன்று அவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். தினக்கூலியானாலும் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். மீறுகிற முதலாளிக்கு அபராதம் உண்டு. நல்ல சட்டம். ஓட்டுப் போடப் போனதற்காக ஒரு தொழிலாளி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் போகக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

அதே தொழிலாளி ஓட்டுப் போடுவதோடு நிற்காமல், ஓட்டுக் கேட்கவும் போனால்? அங்கே சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நாள் லீவுக்குக்கூட உத்தரவாதம் இல்லை. சம்பளமில்லாத லீவுக்கும் இல்லை. திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்ற உறுதி அறவே இல்லை.

எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து மனுத் தாக்கலுக்கு 7 நாள். மறுநாள் பரிசீலனை. வாபஸ் வாங்க மேலும் இரண்டு நாள். அதற்குப் பிறகு குறைந்தது 14 நாள் கழித்து ஓட்டுப்பதிவு. இந்தப் பதினான்குகூட 1996இல் குறைக்கப்பட்டதுதான். முன்பு இன்னும் அதிகம். ஆக, மிகக் குறைந்தபட்சம் 24 நாட்கள். நடைமுறையில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். சொந்தமாக கல்குவாரியோ, காலேஜோ, கல்யாண மண்டபமோ வைத்திருப்பவருக்கு இந்த நாட்கள் ஒரு பொருட்டில்லை. அவர் ஊரில் இல்லாவிட்டாலும் வருமானம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ஷிப்டுக்குப் போய்த் திரும்புகிறவருக்கும், சாயங்காலம் கூலி வாங்கி அரிசி வாங்குகிறவருக்கும் அது நடக்காது.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பிரச்னை வேறு விதம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகள், எந்தச் சட்டமன்றத்துக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ நடக்கும் தேர்தலிலும் அவர்கள் ஈடுபடக் கூடாது என்கின்றன. ஓட்டுப் போடலாம், அவ்வளவே. மாநில அரசு விதிகளும் ஏறக்குறைய இதையே சொல்லுகின்றன. நிற்க வேண்டுமானால் ராஜினாமா செய்துவிட்டு நிற்க வேண்டும். அந்த ராஜினாமாவும் ஏற்கப்பட வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் டெபுடி கலெக்டராக இருந்த நிஷா பாங்கரே, ஆம்லா தொகுதியில் நிற்கும் எண்ணத்தோடு இருந்தார். 2023 ஜூனில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். துறை விசாரணை நிலுவையில் இருப்பதாகச் சொல்லி அரசு அதை ஏற்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார், பாதயாத்திரை போனார். அக்டோபர் கடைசியில் ராஜினாமா ஏற்கப்பட்டபோது, அவர் எதிர்பார்த்திருந்த காங்கிரஸ் டிக்கெட் வேறொருவருக்குப் போய்விட்டது. வேலையும் இல்லை, தொகுதியும் இல்லை. மறு வருஷம் தன்னை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி அவர் அரசுக்கு எழுதியதாகச் செய்தி வந்தது.

அதிகாரத்தில் இருக்கும் கலெக்டர் நாற்காலியில் இருந்துகொண்டே ஓட்டுக் கேட்க முடியாது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. தேர்தலை நடத்துகிற இயந்திரமே அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே விதி கலெக்டருக்கும், கலெக்டர் ஆபீசைப் பெருக்குகிறவருக்கும் பொருந்துவது எந்த நியாயத்தில்? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தொகுதியின் எந்த ஓட்டை அதிகாரத்தால் வளைத்துவிடப் போகிறார்? பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிற ஒருவரிடம், 'முதலில் வேலையை விடு, பிறகு பார்க்கலாம்' என்று சொல்வதும், 'நீ நிற்காதே' என்று சொல்வதும் ஒன்றுதான்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத் தேர்தல் சட்டப்படி, வேட்பாளராகும் ஊழியர் எழுதிக் கேட்டால் முதலாளி அவருக்குச் சம்பளமில்லாத லீவு கொடுத்தே ஆக வேண்டும். அரசு ஊழியருக்கும் அதுபோல லீவு உண்டு. தோற்றால் வேலைக்குத் திரும்பலாம். மாகாண சட்டசபைக்கு நிற்பது ஒரு குடிமகனின் உரிமை என்றால், அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கான அவகாசமும் உரிமையின் பகுதி என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி, பிள்ளைகளின் விஷயம். ஒரு ஆண் வேட்பாளரைப் பார்த்து, 'வீட்டில் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று எந்த நிருபரும் கேட்பதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். அவர் தொகுதி சுற்றும்போது வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். கட்சிப் பட்டியலில் பேர் இல்லாத, படி வாங்காத முதல் தேர்தல் ஏஜெண்டு அவள்தான். பெண் வேட்பாளரிடம் மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் வரும். கேள்வியில் உள்ள தொனி எரிச்சலூட்டுவதுதான். ஆனாலும் கேள்வி பொய்யானதல்ல. காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு பிரசார நேரம் முடிகிறவரை தெருத்தெருவாக நடக்கிற ஒரு தாயின் ஐந்து வயதுக் குழந்தைக்கு யாராவது சோறு போட்டுத்தான் ஆக வேண்டும். பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் மூத்த பெண், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு. ஒரு தாய் சட்டசபைக்கு நிற்பதன் விலையை எட்டாம் வகுப்பு மகள் கொடுக்கும்படி ஆகிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கிற தகப்பனுக்கும் இதே கதிதான்.

குழந்தைகள் என்று சிலர் உலகத்தில் இருப்பதை நம் சட்டங்கள் மறந்துவிடவில்லை. சந்தனாவும் அவர் கணவரும் அட்டை வைத்திருந்தார்களே, அந்த வேலை உறுதித் திட்டத்துக்கான 2005ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குப் பெண்கள் கூட்டி வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. 2017இல் பிரசவச் சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது சம்பளத்துடன் கூடிய லீவை 26 வாரமாக்கினார்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தார்கள். மண் சுமக்கிற இடத்தில் குழந்தை இருக்கும் என்று யோசித்த சட்டம், கம்பெனியில் வேலை செய்கிற தாய்க்குக் குழந்தை இருக்கும் என்று யோசித்த சட்டம், ஓட்டுக் கேட்கப் போகிறவருக்கும் குழந்தை இருக்கலாம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தவறு. தேர்தலில் நிற்பவரின் குழந்தைகளைச் சட்டம் எண்ணிப் பார்த்ததும் உண்டு. ஹரியானா போன்ற மாநிலங்களின் பஞ்சாயத்துச் சட்டங்கள், இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்கள் நிற்க முடியாது என்றன. 2003இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஹரியானா 2006இல் அந்த விதியை நீக்கிக்கொண்டது. வேட்பாளரின் குழந்தையைச் சட்டம் ஏறிட்டுப் பார்த்தது, அவரை வெளியே தள்ளுவதற்காகத்தான்.

தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேசியவர்கள் செலவைப் பற்றி நிறையக் கவலைப்பட்டார்கள். 2022 ஜனவரியில் பெரிய மாநிலங்களில் ஒரு சட்டசபை வேட்பாளர் செய்யக்கூடிய செலவின் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1998இல் அமைந்த இந்திரஜித் குப்தா கமிட்டி, தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசே பொருளாகக் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. பெட்ரோல், அச்சுக் காகிதம், தபால் தலை, ஒலிபெருக்கி என்று போயிற்று யோசனை. பெரியவர் இந்திரஜித் குப்தாவின் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த யோசனையிலும் வேட்பாளரின் வண்டி ஓட எண்ணெய் உண்டு. அவர் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. ஏனென்றால், வேட்பாளர் என்றால் வீட்டில் சோற்றுக்குக் கஷ்டமில்லாதவர் என்பது பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

கணக்கை இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 400 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், 24 நாள் கூலி 9,600 ரூபாய். சட்டசபை வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட்டே 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி இனத்தவருக்கு அதில் பாதி. அதாவது ஒரு கூலித் தொழிலாளி ஒரு மாதக் கூலியை அரசாங்கத்திடம் பணயமாக வைத்து, இன்னொரு மாதக் கூலியை இழந்து, அதன் பிறகு 40 லட்சம் வரை செலவழிக்க அனுமதி பெற்றவர்களோடு போட்டி போட வேண்டும். எதிரணியில் யார் இருப்பார்கள் என்பதற்கு ஓர் அடையாளம்: 2024 மக்களவைத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீசுவரர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கெடுத்துச் சொன்னது. அவர்களே தாக்கல் செய்த சொத்துக் கணக்கு அது.

அப்படியென்றால் சந்தனா பவுரிகள் எப்படி ஜெயிக்கிறார்கள்? கட்சி தூக்கிவிடுகிறது. கட்சி செலவழிக்கிறது, கட்சி வண்டி அனுப்புகிறது, கட்சியின் அலை கரையேற்றுகிறது. எந்தக் கட்சியானாலும் எளியவரை நிறுத்துவது பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் இதில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போகிறது. சொந்த வேலையும் கூலியும் உறுதியாக இருக்கிறவர் நிற்பது ஒன்று; எல்லாவற்றுக்கும் கட்சியை நம்பி நிற்பது வேறொன்று. இரண்டாமவருக்கு வேட்பாளர் பதவி உரிமையாக வருவதில்லை, தானமாக வருகிறது. தானம் வாங்கியவர் நன்றியோடு இருக்க வேண்டும். அடுத்த முறை டிக்கெட் கிடைக்காவிட்டால் திரும்பிப் போக வேலை இல்லாதவர், தலைமையைப் பார்த்து 'இது என் தொகுதிக்குக் கெடுதல்' என்று எப்படிச் சொல்வார்? தன்னந்தனியாகச் சுயேச்சையாக நிற்கலாம் என்றால், அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். வேலைக்கு உத்தரவாதம் இல்லாத வேட்பாளர், எம்.எல்.ஏ. ஆன பிறகும் கட்சித் தலைமைக்கு ஊழியராகவே இருக்க நேர்கிறது. இந்த விஷயத்தில் உண்மையான நஷ்டம் தொகுதிக்குத்தான்.

லீவு கொடுத்தால் ஆளுக்கு ஆள் மனுப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார்கள் என்று ஓர் ஆட்சேபம் வரும். தமிழ்நாட்டில் மொடக்குறிச்சி தொகுதியில் 1996இல் 1,033 பேர் நின்ற கதையை எடுத்துக் காட்டுவார்கள். சட்டசபை டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்ததும் அதே வருஷம்தான். பயம் நியாயமே, ஆனால் அதற்குப் பூட்டு ஏற்கனவே கைவசம் இருக்கிறது. மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓட்டுப்பதிவு வரை மட்டும் லீவு என்று வைக்கலாம். பொதுவாக அது சம்பளமில்லாத லீவாக இருக்கட்டும். வேலை மட்டும் காத்திருக்கட்டும். டெபாசிட்டைக் காப்பாற்ற செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும் என்பது இப்போதே உள்ள விதி. அதைத் தாண்டுகிற கூலித் தொழிலாளிக்கு, இழந்த நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைத் தேர்தல் செலவிலிருந்து கொடுக்கலாம். ஒரு தொகுதியில் அப்படி எத்தனை பேர் தேறுவார்கள்? ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். வாக்குச்சாவடிப் பந்தல் செலவு அளவுக்குக்கூட அது வராது.

குழந்தைகளுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் நியூயார்க்கிலிருந்து காங்கிரசுக்கு நின்ற ஒரு தாய், பிரசார நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைத் தேர்தல் நிதியிலிருந்து எடுக்கலாமா என்று அங்குள்ள தேர்தல் கமிஷனிடம் கேட்டார். எடுக்கலாம் என்று கமிஷன் சொன்னது. கனடாவும் அதே வருஷம் தன் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, அந்தச் செலவின் பெரும்பகுதியைத் திருப்பித் தர வழி செய்தது. நம் ஊரில் வேட்பாளரின் செலவுக் கணக்கில் டீக்கும் வடைக்கும் மாலைக்கும் தேர்தல் அதிகாரிகள் விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ஆயாவுக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமில்லை.

ஜெயித்த பிறகும் கதை முடிவதில்லை. அஸ்ஸாமில் அங்கூர்லதா தேகா எம்.எல்.ஏ. 2017இல் கைக்குழந்தைக்காரி ஆனபோது, சட்டசபை வளாகத்தில் பாலூட்ட ஓர் அறை வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி உறுப்பினர் சரோஜ் அஹிரே 2022 டிசம்பரில் இரண்டரை மாதக் குழந்தையோடு நாகபுரி கூட்டத்தொடருக்கு வந்தார். அங்கே பாலூட்டும் அறைக்கு ஹிர்கனி அறை என்று பேர். மாலையில் ராய்கட் கோட்டைக் கதவு மூடிவிட, வீட்டில் தவிக்கும் குழந்தைக்காகச் செங்குத்தான பாறையில் இறங்கிப் போன பால்காரி ஹிர்கனியின் கதை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் மும்பைக் கூட்டத்தொடருக்கு வந்தபோது, அந்த அறை தூசியும் தும்புமாக வசதியின்றிக் கிடப்பதாக அஹிரே குறைபட்டுக்கொண்டார். பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பெருக்கி வைக்கத் தோன்றவில்லை.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 1996இல் முதல் மசோதா வந்து, 2023இல்தான் அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. நாகாலாந்தில் 1964 முதல் நடந்த தேர்தல்களில் 2023இல்தான் முதன்முறையாக இரண்டு பெண்கள் ஜெயித்தார்கள் என்பதைப் பார்த்தால், ஒதுக்கீடு எவ்வளவு அவசியம் என்பது புரியும். ஆனால் ஒதுக்கீடு நாற்காலியைத்தான் ஒதுக்கும். நாற்காலி வரை நடந்து வர நேரம் ஒதுக்காது. நேரமும் பணமும் ஏற்கனவே யார் வீட்டில் இருக்கின்றனவோ, அந்த வீட்டு மனைவியும் மகளும் மருமகளும் முதலில் வருவார்கள். வடக்கே பஞ்சாயத்துகளில் 'சர்பஞ்ச் பதி' என்று ஒரு பதவியே உண்டானது நமக்குத் தெரியும். தலைவி கையெழுத்துப் போடுவார், கணவர் தலைமை தாங்குவார். வேலைக்குப் போய்ப் பழகிய, சம்பளக் கணக்குத் தெரிந்த, அதிகாரியிடம் எதிர்த்துப் பேசிப் பழகிய பெண்கள் அந்த நாற்காலிகளுக்கு வர வேண்டுமானால், அவர்கள் வேலையும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கும் என்ற உறுதி வேண்டும்.

மாநிலச் சட்டசபை என்பது தூரத்து விஷயமில்லை. அங்கன்வாடி எத்தனை மணிக்கு மூட வேண்டும், ஆஸ்பத்திரியில் இரவு நேர டாக்டர் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் மாநில அரசு முடிவு செய்கிற விஷயங்கள். இவற்றை ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற சபையில், மூடுகிற நேரத்துக்குள் குழந்தையை அழைத்து வர ஓடியவர்களும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தவர்களும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். அவர்களை வாக்காளர்களாக மட்டும் வைத்துக்கொள்ள ஒரு நாள் லீவு போதும். நம் சட்டம் இதுவரை கொடுத்திருப்பதும் அந்த ஒரு நாளைத்தான்.